ஜாமீன் கிடைத்த பிறகும் புழலில் இருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புழல் மத்தியச் சிறையைப் பற்றித் தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் வரும் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி வைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால், சோதனையில் செல்போன் சிக்கியது, கைதிகளுக்குள் அடிதடி நடந்தது, பெரிய மனிதர் ஒருவர் உள்ளே போனார் அல்லது வெளியே வந்தார் என்பதற்கு மேல் அதிகமாக எதுவும் இல்லை. 2018 செப்டம்பரில் தண்டனைக் கைதிகள் சிலர் மெத்தையும் வண்ண உடையுமாக இருக்கும் புகைப்படங்கள் வெளியானபோது, இது சிறையா, சொகுசு விடுதியா என்று ஊரே கேட்டது. அப்படிக் கேட்டதில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே வாரத்தில், நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும் வெளியே வர முடியாமல் விசாரணைக் கைதிகள் எத்தனை பேர் அதே மதில்களுக்குள் படுத்திருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். நகரின் ஒரு நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மேசை போட்டு 31 ஆண்டுகள் தட்டச்சு செய்து பிழைத்தவன். ஜாமீன் மனு, வக்காலத்து, அஃபிடவிட், நிபந்தனைத் தளர்வு மனு என்று என் விரல் படாத காகிதம் குறைவு. தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்த பிறகும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டு, இப்போது வீட்டில் இருக்கிறேன்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய சிறையைப் பார்த்தவர்களுக்குப் புழலின் அருமை தெரியும். 1837-இல் கட்டப்பட்ட அந்தச் சிறையைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. நெருக்கடி நிலைக் காலத்தில் அங்கே அடைக்கப்பட்ட அரசியல் தலைவர்கள் அடித்து நொறுக்கப்பட்டதையும், முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்ததையும், பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தக் கொடுமைகளை விசாரித்ததையும் என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். 1999 நவம்பரில் கைதி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் சிறை அதிகாரி ஒருவரும் கைதிகள் பலரும் உயிரிழந்ததும் அங்கேதான். 2006-இல் புழலில் 200 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் புதிய சிறை திறக்கப்பட்டது. தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகளாக அதைப் பிரித்திருந்தார்கள். காற்றோட்டம் உள்ள கட்டடம் அது.

2009-இல் பழைய சிறையை இடிப்பதற்கு முன்பு பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். நானும் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் எந்தத் தலைவர் எந்த அறையில் இருந்தார் என்றே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நீண்ட கொட்டடியின் சுவரில், ஆள் உட்கார்ந்து சாயும் உயரத்துக்கு, வரிசையாகத் தலை எண்ணெய்க் கறை படிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். ஒரு கறைக்கும் அடுத்த கறைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அங்கே சாய்ந்திருந்தவர்களில் எத்தனை பேருடைய மனுவை நான் அடித்துக் கொடுத்திருப்பேனோ, தெரியாது.

நல்லவற்றையும் சொல்ல வேண்டும். அரசு ஆவணங்களில் ‘கைதி’ என்ற சொல் குறைந்து ‘சிறைவாசி’ என்ற சொல் வந்துவிட்டது. களியோடு சிறையைச் சேர்த்துப் பேசுவது பழமொழி அளவில்தான் மிஞ்சியிருக்கிறது; உணவுப் பட்டியல் மாறியிருக்கிறது. சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் நானே வண்டிக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறேன், அளவு குறைந்ததில்லை. புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று பெயர் வைத்துச் சிறை நூலகங்களுக்காக நூல் சேகரித்தபோது என் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் கொடுத்தேன். சிறைத் துறை எதையும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்பயிற்சியும் கூலியோடு கூடிய வேலையும் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்கு உரியவை. விசாரணைக் கைதிக்கு வேலை இல்லை, கூலி இல்லை, எப்போது போவோம் என்ற தேதியும் இல்லை. ஆயுள் கைதிகூடத் தன் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார். விசாரணைக் கைதிக்கு எண்ணுவதற்கு அடுத்த வாய்தாவைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதுவும் இப்போது பெரும்பாலும் காணொலியில் முடிந்துவிடுகிறது. 15 நாளைக்கு ஒரு முறை காவல் நீட்டிப்புக்காக வேனில் ஏற்றி வழிக்காவலோடு நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த காலத்தில், தாய்மார்கள் வராந்தாவில் காத்திருந்து முகத்தைப் பார்ப்பார்கள்; காவலருக்கு மனம் இருந்தால் ஒரு பொட்டலம் இட்லியும் கைமாறும். காணொலி வந்ததால் அரசுக்கு டீசல் மிச்சம், காவலருக்கு அலைச்சல் மிச்சம். அந்த வராந்தா மட்டும் போய்விட்டது. இனி முகம் பார்க்க வேண்டுமானால் நகருக்கு வடக்கே செங்குன்றம் சாலை வரை பேருந்து மாறிப் போய், ‘மனு’ போட்டுக் காத்திருக்க வேண்டும். சிறைக்குப் போய்ப் பார்ப்பதற்கே எங்கள் ஊர் ஏழைகள் ‘மனு பார்க்கப் போகிறேன்’ என்றுதான் சொல்வார்கள். ஆளைப் பார்ப்பதற்கு மனுவைப் பார்ப்பது என்று பெயர் வந்த வேடிக்கையை நான் பலமுறை நினைத்துச் சிரித்ததுண்டு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் நூற்றுக்கு 75-க்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். தமிழ்நாட்டில் மொத்தச் சிறைவாசிகளின் எண்ணிக்கை மொத்தக் கொள்ளளவைத் தாண்டவில்லை என்று அதே ஆவணம் சொல்கிறது. இதைக் காட்டி, நம் மாநிலத்தில் பிரச்சினை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஏதோ ஒரு கிளைச் சிறையில் காலியாகக் கிடக்கும் அறையையும், மாநகரத்தின் காவல் நிலையங்கள் எல்லாம் ஆள் அனுப்பும் விசாரணைச் சிறையின் அறையையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி பார்ப்பது, அடுத்த தெருக் கிணற்றில் நீர் இருக்கிறது என்று சொல்லி நம் வீட்டுக் குடத்தை நிரம்பியதாக எழுதுவதைப் போன்றது. அது போகட்டும். இடம் தாராளமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இருக்கக் கூடாத ஒருவன் அங்கே இருப்பதற்கு இடவசதி விடையாகாது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடியே சொல்கிறேன். பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவின் மகன், செல்போன் பறித்த வழக்கில் உள்ளே போனான். செய்தானா இல்லையா என்பது என் வேலை அல்ல. மூன்றாவது வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. உத்தரவின் நகலைக் குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டி எடுத்துக்கொண்டு அந்த அம்மா என் மேசைக்கு வந்தார். ‘பையன் எப்போது வருவான் சாமி’ என்பதுதான் முதல் கேள்வி. படித்துப் பார்த்தேன். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன், அதாவது பிணை நிற்க இரண்டு ஆட்கள். அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும். ஜாமீன்தாரர்கள் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை பதிக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் தர வேண்டும். வெளியே வந்தபின் தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான முறை நான் அடித்த வாசகங்கள்.

இரத்த உறவுக்குத் தாய் இருந்தார். இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. அவர்கள் இருந்தது மறுகுடியமர்த்தப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தப் படிக்கட்டு முழுவதும் ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவர்கள். சொந்தப் பெயரில் வீட்டுவரி ரசீது உள்ள ஒருவரும் இல்லை. கடைசியில் அதே தளத்தில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வந்தார். முதல் நாள் நீதிபதி விடுப்பு. பொறுப்பு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே வழக்குக் கட்டு வரவில்லை. இரண்டாம் முறை, ஆர்.சி.யில் உள்ள முகவரியும் ஆதாரில் உள்ள முகவரியும் வேறு என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு மாற்றப்பட்டவர்களுக்கு முகவரி வேறாகத்தானே இருக்கும். மூன்றாம் முறை வந்தபோது அவர், ‘அம்மா, இதோடு மூன்று நாள் சவாரி போச்சு’ என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிணை ஏற்கப்பட்டது. விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை அடைப்பு முடிந்துவிட்டது. பையன் மறுநாள் காலையில்தான் வெளியே வந்தான். ஜாமீன் கொடுத்த நாளிலிருந்து 41 நாள். அந்த 41 நாளும் அந்த அம்மா இடையிடையே வந்து, என் மேசையின் கீழே நிழலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருப்பார். ரேகை பதித்த அன்று, இடது பெருவிரலில் இருந்த மை நாரிலும் மல்லிகையிலும் ஒட்டி ஒரு முழம் பூ வீணாயிற்று.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆள் கிடைக்காதவர்களுக்கு ஆள் பிடித்துத் தருபவர்கள் நீதிமன்ற வாசல்களில் உண்டு. கூலிக்கு ஜாமீன் நிற்கும் முகங்கள் எனக்குத் தெரியும். ஜாமீன்தாரர் இதற்கு முன் எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை உறுதிமொழியில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ‘வேறு எவருக்கும் இதுவரை பிணை நின்றதில்லை’ என்ற வரியை, போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் வந்து போன அதே மனிதருக்கு நானே அடித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அப்படி ஆள் வாங்கப் பணம் இல்லாதவர் என்பதால்தான் 41 நாள் ஆயிற்று. பணம் இருந்திருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். ஓட விரும்புகிறவன் காசு கொடுத்துப் போய்விடுகிறான். ஓட இடமில்லாதவன் உள்ளே இருக்கிறான். நபர் ஜாமீன் என்ற முறை யாரைப் பிடித்து வைக்க ஏற்பட்டதோ அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்ததையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர். வழக்கறிஞராக இருந்த காலத்தில் தாமும் ஒரு மாதம் காவலில் இருந்தவர். பின்னர் கேரள அமைச்சராகச் சிறைத் துறையையும் கவனித்தவர். போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ பிடிபட்டால் ஒரு தமிழனோ மலையாளியோ உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டார். இன்று அதே கேள்வியைச் சென்னையில் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் மெட்ரோ தூண்களையும் அடுக்குமாடிகளையும் எழுப்பும் தொழிலாளி ஒருவன் ஒரு சண்டையில் சிக்கி உள்ளே போனால், அவனுக்கு இரத்த உறவு ஜாமீன் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, கூலியை விட்டுவிட்டு, முன்பதிவில்லாப் பெட்டியில் வர வேண்டும். வந்தாலும் மொழி தெரியாது. என் மேசைக்கு வந்த அப்படிப்பட்ட தகப்பன் ஒருவரோடு நான் கைச்சாடையிலேயே பேசி முடித்தேன்.

மறு ஆண்டே, பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆங்கில நாளிதழ் ஒன்றில் வந்த செய்திக் கட்டுரையை ஆதாரமாக வைத்து ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று தீர்ப்பும் வந்தது. ஒரு நாளிதழ் செய்தியிலிருந்து தொடங்கியது என்பதைத் தங்களுக்கு நினைவூட்டவே இதைச் சொல்கிறேன்.

2023 ஜனவரி 31-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்தக் குறைக்கென்றே நேரடியாக வழிமுறை வகுத்தது. ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஜாமீன் கிடைத்த தேதியைச் சிறைக் கணினியில் பதிய வேண்டும். ஏழு நாளில் அவர் வெளியே போகவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க இயலாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன் என்ற நிபந்தனையே தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதால் அதை விதிக்காமல் இருக்கலாம். இவ்வளவும் அதில் இருக்கின்றன. படித்தபோது, என் மேசைக்கு வந்தவர்களின் கதையை யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரை தரலாம் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் நம் நீதிமன்ற உத்தரவுகள் பெரும்பாலும் கேட்பது பணத்தை அல்ல, ஆளை. இரண்டு பேரைக் கொண்டு வா என்பவனிடம் 40,000 ரூபாயை நீட்டினால் என்ன ஆகும்? நபர் ஜாமீனுக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றாலும், அதற்குத் தனியாக ஒரு மனுப் போட்டு, அதற்கு ஒரு வாய்தா வாங்க வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத ஒருவர் தம் மீதான குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இது பொருந்தாது. சில்லறைத் திருட்டில் சிக்கியவன் மேல் ஒரு வழக்கோடு நின்றுவிடும் காவல் நிலையத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்ததும் சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக வரவழைக்கும் பி.டி. வாரண்டில் அடுத்த வழக்குக்கு எடுப்பார்கள். குண்டர் தடுப்புச் சட்டம் வேறு இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ஓராண்டு வரை வைக்கலாம், அதற்கு ஜாமீனே இல்லை. அது தனிக் கடிதத்துக்கு உரிய பொருள்.

எனவே, ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களில் சிலர் வேறு வழக்குகளுக்காக இருப்பவர்கள் என்று சிறைத் துறை சொன்னால் அது உண்மையே. அவர்களைக் கழித்துவிட்டு எண்ணட்டும். பிணை கொடுக்க ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் இன்றைக்குப் புழலில் எத்தனை பேர்? ஏழு நாளைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், ஒரு மாதத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், பெண்கள் சிறையில் எத்தனை பேர், தாயோடு உள்ளே இருக்கும் குழந்தைகள் எத்தனை? உச்ச நீதிமன்றம் சொன்னபடி தேதி கணினியில் பதியப்படுமானால் இந்தக் கணக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். சிறைத் துறை இந்த எண்ணிக்கையை வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தங்கள் நாளிதழின் சென்னைப் பதிப்பில் புழல் ஏரியின் நீர்மட்டத்தை நாள்தோறும் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று காலையில் காப்பியோடு பார்த்துவிடுகிறோம். சிறைத் துறை அந்த எண்ணிக்கையைத் தருமானால், அதை அந்தக் கட்டத்துக்குக் கீழேயே போடலாம்; ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர்,
வடசென்னை.